தொடங்கிய வீடு

இதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. கண்ணாணையாகச் சொல்கிறேன். ஒரு கண்ணில் புரை விழுந்திருப்பதால், நன்றாகத் தெரிகிற மற்றதன் மேல் ஆணை.

புது வீடுகளைக் கணக்கெடுக்கும் சர்க்கார் அம்மா வருவதற்குள் ஒரு குழியாவது வெட்டியாக வேண்டும் என்று மேஸ்திரி சொல்லிவிட்டுப் போயிருந்தார். பொட்டல் மனையில் ஒற்றை ஆளாகக் குனிந்து வெட்டிக்கொண்டிருந்தவனுக்குக் கடப்பாரை என்று பேர். கையில் இருப்பதும் ஆளும் ஒரே பருமன் என்று யாரோ வைத்தது. கூட இருந்தவர்களெல்லாம் வேறு வேலை தேடிப் போய்விட்டார்கள். பகலில் வெட்டுவது, இரவில் தகரக் கொட்டகையில் காவல் படுப்பது, இரண்டும் அவன்தான். முதல் வீடு எழும்பியதும் அதன் பின்பக்கம் ஒரு அறை அவனுக்கு என்பது மேஸ்திரி கொடுத்த வாக்கு. அண்ணன் வீட்டில் ஒண்டிக்கொண்டிருக்கும் மனைவியை அன்றைக்கே அழைத்துக்கொள்ளலாம்.

அந்த அம்மா குடையை மடக்காமலே குழியை எட்டிப் பார்த்தார்.

"அஸ்திவாரமாப்பா இது?"

"ஆமாம்மா."

"அப்ப வீடு தொடங்கியாச்சு." கையிலிருந்த கருவியில் ஒரு தட்டு தட்டினார்.

"எப்பம்மா முடியும்?"

"முடியறதுக்கு வேற ஆபீஸ். எனக்குத் தொடங்கறது மட்டும்தான்."

எத்தனை வீடு தொடங்குகிறது என்பதை வைத்துத்தான் நாடு தேறுகிறதா தேய்கிறதா என்று பார்க்கிறார்களாம். புதிதாகத் தொடங்கிய வீடுகள் கூடியிருக்கின்றன, பொருளாதாரம் நிமிர்கிறது என்று ரேடியோவில் வாசித்தார்கள். கடப்பாரை இடுப்பைப் பிடித்தபடி கேட்டான். அவன் நிமிரத்தான் கொஞ்சம் நேரம் பிடித்தது.

வேலை முடிந்தால் குழியோரத்து மண்மேட்டில் ஏறி நின்று மனைவியோடு போனில் பேசுவான்.

"நம்ம வீடு தொடங்கியாச்சு. ரேடியோவுலயே சொல்லிட்டான்."

"நம்ம பேரைச் சொன்னானா?"

"மொத்தமாச் சொன்னான்."

"அண்ணி இன்னிக்கும் பாத்திரத்தை உருட்டறாங்க. ஜன்னல் எந்தப் பக்கம் வருது?"

"நீ சொல்ற பக்கம்."

"கிழக்கால வைங்க. எழுந்திரிச்சதும் வெளிச்சம் வேணும்."

மறுநாள் குழியின் கிழக்கு ஓரத்தில் ஒரு செங்கல்லை வைத்தான். அதுதான் ஜன்னல்.

மழை பெய்து கரை சரிந்து குழி தூர்ந்துபோனது. திரும்ப வெட்டினான், அந்த அம்மா திரும்பத் தட்டினார். ஒவ்வொரு மழைக்கும் ஒரு வீடு பிறந்தது. ரேடியோக்காரர் குரலில் குஷி ஏறியது, சிமெண்ட் விலையும் ஏறியது, ஒரு மந்திரி இன்னொரு மந்திரியைப் பாராட்டினார். தண்ணீர் தேங்கிய குழியில் இரண்டு தவளைகள் வந்து சேர்ந்தன.

"யாராச்சும் குடிவந்துட்டாங்களாப்பா?" என்றார் அந்த அம்மா.

கடப்பாரை தவளைகளைக் காட்டினான். "புருஷன் பொண்டாட்டிம்மா. சேர்ந்தே வந்துட்டாங்க."

வெயில் காலம் வந்தது. மேஸ்திரி வண்டியை அணைக்காமலே சொன்னார்: "குழியை மூடிடு. மனை கைமாறிடுச்சு. வாங்கினவருக்குத் தரை சமமா வேணுமாம்."

"அப்ப என் ரூமு?"

"வேற எடத்துல பார்ப்போம்யா."

"மூடிட்டா ரேடியோவுல சொன்ன கணக்கு குறையாதா?"

"தொடங்கினது தொடங்கினதுதான். அதை எவன் திருப்பி எடுக்கப்போறான்?"

மூடிக்கொண்டே வந்தான். தவளைகள் முன்னமே காலிசெய்திருந்தன. கடைசியாக, எப்போதும் ஏறி நிற்கும் மேடு மட்டும் பாக்கி. அதில் ஏறிப் போனைக் காதில் வைத்தான்.

"ஜன்னல் வெச்சாச்சா?" என்றாள்.

"வெச்சாச்சு. கிழக்காலதான்."

"அப்ப வரட்டுமா?"

"பூச்சு வேலை கொஞ்சம் பாக்கி. ஈரம் காயட்டும்."

"சரி, காயட்டும். நீங்க சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு" என்று சொல்லி இறங்கினான். நின்றிருந்த மேட்டையும் வாரிக் குழியில் தள்ளி, மிதித்துச் சமன்செய்தான். செங்கல்லை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

வீடுகள் எழும்பிய பிறகுதான் போன் கம்பெனிக்காரன் அந்தப் பக்கம் கோபுரம் நடுவான். அந்த மனையில் ஒருநாளும் சிக்னல் இருந்ததில்லை.