கவுன் போட்டு நின்றவன்

அந்த வீட்டின் முன்னறை நடுவே இடுப்பளவுக்கு ஒரு குட்டைச் சுவர் உண்டு. சுவருக்கு இந்தப் பக்கம் தையல்காரம்மா குழந்தைகளுக்கு உடுப்பு தைப்பாள். அந்தப் பக்கம் அவள் கணவர் டிவி பழுது பார்ப்பார். தெருவுக்கே அவர் டிவிக்காரர்தான். சொந்தப் பெயர் ஒன்று இருந்ததை அவரே எப்போதாவதுதான் நினைத்துக்கொள்வார். அவர்களுடைய இரண்டு பையன்களும் இந்தச் சுவரின் இரண்டு பக்கமும் உருண்டு புரண்டு வளர்ந்தவர்கள். ஆகவே சின்னவன் விஷயம் வெளியே வந்தபோது, குற்றவாளியைத் தேடி யாரும் வெகுதூரம் அலைய வேண்டியிருக்கவில்லை.

சின்னவன் லிஃப்ட் மெக்கானிக். இருபத்தேழு வயது. ஒரு மத்தியானம் வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, கை கழுவி, துண்டில் கையைத் துடைத்தபடியே சொன்னான். தனக்குப் பெண் பார்க்க வேண்டாம். பெண்கள்மேல் அந்த மாதிரி எண்ணம் தனக்கு என்றைக்குமே வந்ததில்லை. பல் செட் செய்கிற ஒருவனோடுதான் குடியிருக்கிறான், இனிமேலும் அவனோடுதான். எந்தக் கட்டடத்தில் எந்த லிஃப்டின் கம்பிவடம் தேய்ந்திருக்கிறது என்று சொல்லும் அதே குரலில் இதையும் சொல்லி முடித்தான்.

டிவிக்காரர் வாயில் முதலில் வந்தது, "பல் செட்டா?" என்பதுதான். பிறகுதான் இது கோபப்பட வேண்டிய இடம் என்பது அவருக்கு உறைத்தது. எழுந்து நின்று, இனிமேல் இந்த வாசற்படியை மிதிக்காதே என்றார்.

"வந்தா ரெண்டு பேராத்தான் வருவேன்," என்று சொல்லிச் சின்னவன் செருப்பை மாட்டினான்.

தையல்காரம்மா கத்தரிக்கோலும் கையுமாக நின்றாள். துணி பாதி வெட்டியபடி கிடந்தது. அவன் போய்விட்டான். அதன்பின் வரவும் இல்லை. அவனுடைய தட்டை அவள் தினமும் எடுத்து வைப்பதும், திரும்ப அலமாரியில் கொண்டுபோய் வைப்பதுமாக இருந்தாள்.

துக்கம் விசாரிக்கிற முகத்தோடு வந்து சேர்ந்தாள் டிவிக்காரரின் அக்கா. ஊர் உலகத்தில் எங்கே என்ன நடந்தாலும் அதற்கு ஒரு காரணம் அவள் போனில் இருக்கும். அன்றைக்கும் இருந்தது. வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் அதில் விரலை நீட்டி நீட்டிப் பேசினார். சின்ன வயதில் பிள்ளை எதைப் பார்க்கிறதோ, எதை உடுத்துகிறதோ, அதுதான் பின்னால் அதன் ஆசையாக முளைக்கும் என்பது அவர் வாதம். கோட்டு நன்றாகத்தான் தைத்திருக்கிறது, காலர் மட்டும் தூக்கி நிற்கிறது என்று தையல்காரம்மாவுக்குத் தோன்றியது. ஆனால் சொல்லவில்லை.

"அவர் சொல்றதக் கேட்டியா தம்பி? பார்க்கிறதும் உடுத்துறதும்தானாம்," என்றாள் அக்கா. "இந்த வீட்ல சுவத்துக்கு அந்தப் பக்கம் பூரா டிவி. இந்தப் பக்கம் பூரா கவுன். பையன் வேற எப்படி வளருவான்?"

"அண்ணி, இங்க ரெண்டு பையனுங்க வளர்ந்தானுங்க," என்றாள் தையல்காரம்மா.

"ஒருத்தன் தப்பிச்சான்னு சந்தோஷப்படு."

பெரியவன் தப்பித்துத்தான் இருந்தான். சின்னவனுக்கு ஒரு வயது மூத்தவன். லாரி ஓட்டுகிறான். கதவு திறப்பதற்கு முன்னால் மீசை உள்ளே வரும். மனைவி உண்டு, ஆறு வயதில் ஒரு பெண் குழந்தையும் உண்டு.

அக்கா காரணத்தைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டாள். அதை வைத்துக்கொண்டு மல்லுக்கட்ட வேண்டியது புருஷனும் பெண்டாட்டியும். உன் கவுன்தான் என்றார் அவர். உங்க டிவிதான் என்றாள் அவள். வெளியே அப்படிச் சண்டை போட்டாலும் உள்ளுக்குள் இரண்டு பேரும் அவரவர் பழியை அவரவரே சுமந்தார்கள். டிவிக்காரர் பழுதுக்கு வந்த டிவிகள் எல்லாவற்றையும் போர்வை போட்டு மூடினார். கேட்டு வந்தவர்களிடம் சாமான் வரவில்லை என்று பொய் சொன்னார். தன் டிவிகளுக்கு ஒரு மனுஷனையே மாற்றுகிற அளவுக்குச் சக்தி இருந்ததா என்று அவருக்கு வருத்தம்தான். ஆனால் தொழில்காரர் என்ற முறையில் அதில் கொஞ்சம் பெருமையும் கலந்திருந்தது.

தையல்காரம்மாவுக்குப் பெருமை எதுவும் இல்லை. அவளுக்கு ஞாபகம்தான் இருந்தது. அந்தக் காலத்தில் அளவு பார்க்கத் துணிக்கடைப் பொம்மை வாங்கும் வசதி அவளுக்கு இல்லை. பொம்மை இல்லாவிட்டால் என்ன, வீட்டில் இரண்டு உயிருள்ள பொம்மை திரிந்தது. கவுன் தைத்தால் ஒரு பிள்ளையைப் பிடித்து ஸ்டூலில் ஏற்றி மாட்டுவாள். கையை விரி, திரும்பு, மூச்சை விடு என்பாள். இடுப்பில் குண்டூசி குத்துவாள். கவுனுக்குள் கையை விரித்தபடி நின்ற பிள்ளையின் முகம் அவளுக்குப் பட்டப்பகல் போலத் தெரிந்தது. அது சின்னவன் முகம். எத்தனை கவுன், எத்தனை கொசுவம், எத்தனை ரிப்பன்! தன் கையாலேயே குழந்தையைக் கெடுத்துவிட்டோம் என்று அவள் நெஞ்சு கிடந்து துடித்தது.

அந்தத் துடிப்பிலும் அவளுக்கு ஒரு பிடிமானம் இருந்தது. அவள் தொழிலில் பிரிக்க முடியாத தையல் என்று ஒன்று கிடையாது. தப்பாகத் தைத்துவிட்டால் நிதானமாக நூலை அறுத்து, துணி கிழியாமல் பிரித்து, மறுபடி தைக்கலாம். கவுன் செய்த கோளாறு என்றால் சட்டையால் சரி செய்யலாம். சரியாகிவிட்டால் அவன் வீட்டுக்கு வந்துவிடுவான். அவள் வேண்டியதெல்லாம் அந்தக் கடைசி விஷயம்தான்.

பெரியவர்களுக்குத் தைப்பதில்லை என்ற தன் கொள்கையைத் தள்ளி வைத்துவிட்டுச் சின்னவனுக்குச் சட்டைகள் தைத்தாள். தடித்த துணி, இருண்ட நிறம், பெரிய கட்டம். இரண்டு பக்கமும் ஸ்பேனர் வைக்கிற மாதிரி பை. ஆண்பிள்ளைத்தனத்துக்குக் குறைச்சல் எதுவும் சொல்ல முடியாது. அவற்றைப் பெரியவன் லாரியில் ஏற்றி அனுப்பினாள். வருஷக்கணக்காக அந்தப் பிள்ளை காக்கி உடுப்போடும் கிரீஸ் கறையோடும்தான் தினமும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். காக்கியால் முடியாததைக் கட்டம் போட்ட சட்டை எப்படிச் செய்யும் என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியவன் மனைவியோடும் மகளோடும் வந்தான். தையல்காரம்மாவுக்கு அப்போது ஒரு பள்ளிக்கூட நாடகத்துக்கான வேலை வந்திருந்தது. ராஜா வேஷம் போடும் பையனுக்கு ஒரு கோட்டு. மறுநாள் காலையில் கொடுத்தாக வேண்டும். தோள் சரியாக உட்காருமா என்று போட்டுப் பார்க்காமல் அவளுக்கு வேலை ஓடாது. போட்டுப் பார்க்கப் பையன் இல்லை.

பேத்தி நிலைமையைப் பார்த்தாள். தானே போய் ஸ்டூலை இழுத்துப்போட்டு, ஏறி நின்று, இரண்டு கையையும் விரித்தாள்.

"இறங்குடி கீழ!"

அந்த வீட்டில் அப்படி ஒரு சத்தம் கேட்டதில்லை. பேத்திக்கு உதடு பிதுங்கியது. மருமகள் ஓடிவந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டாள்.

"என்னம்மா ஆச்சு உனக்கு? சும்மா நிக்கிற பிள்ளைக்குப் போட்டுப் பார்த்தா என்ன?" என்றான் பெரியவன்.

"அது ஆம்பளப் பிள்ளை கோட்டுடா. பொம்பளப் பிள்ளைக்குப் போட மாட்டேன். ஒருத்தனக் கெடுத்தது போதும் எனக்கு."

"யாரக் கெடுத்த?"

"தெரியாத மாதிரி கேக்காத. இதே ஸ்டூல்ல, இதே மாதிரி, சின்னவனுக்குக் கவுனா போட்டுப் போட்டு நிக்க வச்சேனே! நான் செஞ்ச பாவம்தானேடா இன்னைக்கு அவன் இப்படி…"

பெரியவன் மீசையைத் தடவினான். மனைவியை ஒரு முறை பார்த்தான். வேறு வழியில்லை என்று தெரிந்ததும் சொன்னான்.

"அம்மா, அது நான்."

"எது?"

"கவுன். நான்தான் நின்னேன்."

"போடா. எனக்குத் தெரியாதா? அவன் முகம் என் கண்ணுக்குள்ளயே நிக்குது."

"அவனை உன்னால பிடிக்கவே முடியாதும்மா. டேப்பை எடுத்தாலே ஓடிருவான். ரெண்டு பேரும் ஒரே உசரம்தானே, என்னை ஏத்திவிட்ருவ. ஒரு தடவை நின்னா ஒரு காலி நூல்கட்டை குடுப்ப. அதுல சக்கரம் பண்ணி லாரி ஓட்டுவேன்." சட்டையைக் கொஞ்சம் தூக்கி இடுப்பைக் காட்டினான். "இங்க பாரு, குண்டூசி ஆழமா ஏறிடுச்சுன்னு நீயே மஞ்சள் வச்சுக் கட்டிவிட்ட. தழும்பு இன்னும் இருக்கு."

தழும்பு இருந்தது. அதற்கு மஞ்சள் வைத்ததும், அழாமல் நின்றதற்கு இரண்டு நூல்கட்டை கொடுத்ததும் தையல்காரம்மாவுக்கு ஞாபகம் வந்தது. ஸ்டூலில் நின்ற பிள்ளையின் முகம் அவள் கண்முன்னாலேயே மாறி, பெரியவன் முகமாகிவிட்டது. இத்தனை நாளும் யாரோ ஒருவனின் கவுனுக்கு வேறு ஒருவனின் தலையை வைத்துத் தைத்திருந்தாள்.

மருமகள் புருஷனை முதல்முறையாகப் பார்ப்பவள் போல மேலும் கீழும் பார்த்தாள். "என்ன கலரு?" என்று கேட்டாள்.

"எல்லாக் கலரும்தான்," என்றான் பெரியவன்.

"அப்ப சின்னவன் எங்கடா போவான்?" என்றாள் தையல்காரம்மா.

பதில் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. "இங்கதான் வருவான். டிவிக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்குவான். நான் மூடியக் கழட்டினா ஒயருக்கு நடுவுல அவன் மூஞ்சி தெரியும்," என்றார் டிவிக்காரர். சொல்லிவிட்டு அவரே நின்றுவிட்டார். "பின்னாடிதானே உக்காந்திருந்தான்? படம் முன்னாடில்ல ஓடும்?"

டிவிக்காரர் பெரியவனைக் கையால் காட்டினார். "முன்னாடி உக்காந்து பார்த்ததும் இவன்தான். அதுவும் ரிப்பேர் டிவி. மூஞ்சி பூரா பச்சையாத் தெரியும். பார்த்தது ஒட்டும்னா இவன்ல பச்சையாகியிருக்கணும்?"

ஆக, கவுன் போட்டு நின்றவனும் டிவி பார்த்து வளர்ந்தவனும் மீசையோடு எதிரில் நின்றான். எதையும் போடாமல், எதையும் பார்க்காமல், ஒயருக்கு நடுவில் உட்கார்ந்திருந்தவன்தான் பல் செட்டோடு குடித்தனம் நடத்துகிறான். டிவிக்காரர் ஒவ்வொரு போர்வையாக எடுத்து மடித்து வைத்தார். அவர் முகத்தில் நிம்மதி இருந்தது. கொஞ்சம் ஏமாற்றமும் இருந்தது.

தையல்காரம்மா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். முதலில் மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. அடுத்த நிமிஷமே பயம் வந்தது. தான் போட்ட தையல் இல்லையென்றால் தன்னால் பிரிக்கவும் முடியாது. சின்னவன் அவள் தைத்து வந்தவன் இல்லை. அவன் வரும்போதே அப்படித்தான் வந்திருக்கிறான். சரி செய்ய எதுவும் இல்லை என்று ஆனதும், அவனைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை மட்டும் மிச்சம் நின்றது. அது தாங்க முடியாததாக இருந்தது. அவள் வாய்விட்டு அழுதாள்.

பெரியவனுக்கு அழுகையைச் சமாளிக்கத் தெரியாது. பேச்சை மாற்றப் பார்த்தான்.

"நீ குடுத்துவிட்ட சட்டை எல்லாம் வீணாப் போகலம்மா. சின்னவன் ஒண்ணு போடுறான். மீதிய அந்தப் பல்செட்டுக்காரன் போட்டுக்கிட்டுத் திரியுறான். அவனுக்கு ரொம்பப் பிடிச்சிருக்காம். என்ன, ஆள் உசரம். கைதான் பத்தல."

அழுகை நின்றது. "என்னது பத்தல?"

"கை. மணிக்கட்டுக்கு மேல நிக்குது."

தையல்காரம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். போனை எடுத்துச் சின்னவனை அழைத்தாள். அவன் வீட்டைவிட்டுப் போனபிறகு அவள் செய்யும் முதல் அழைப்பு அது. எடுத்ததும் அவன் பயந்துபோய், "அம்மா? என்னம்மா ஆச்சு? அப்பாவுக்கு ஏதாவதா?" என்றான்.

"அப்பாவுக்கு ஒண்ணும் இல்ல. உன் ஃப்ரெண்டு என் சட்டையக் கை பத்தாமப் போட்டுக்கிட்டுத் திரியுறானாமே?"

"ஆமாம்மா. ஆசையாப் போட்டுக்கிட்டான். ஏன்?"

"பார்க்கிறவங்க அவனையா சொல்லுவாங்க? எவ தச்ச சட்டைடா இதுன்னு என்னைல்ல சொல்லுவாங்க?"

"சரிம்மா. கழட்டச் சொல்லிடுறேன்." அவன் குரல் இறங்கிப்போயிற்று.

"கழட்ட யாருடா சொன்னா? ஆளைக் கூட்டிட்டு வா. அளவு எடுக்காம நான் வெட்ட மாட்டேன்."

"அப்பா?" என்று மட்டும் கேட்டான் சின்னவன்.

தையல்காரம்மா சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். டிவிக்காரர் ஒரு டிவியைப் போட்டுவிட்டு, அதில் பேசிக்கொண்டிருந்த பச்சை முகத்தைக் கவனமாகப் பார்த்தபடி இருந்தார். திரும்பவில்லை.

"எனக்குக் கீழ்ப்பல்லு ஒண்ணு ரொம்ப நாளா ஆடுது," என்றார். "வர்றப்ப அவன் சாமானையும் எடுத்துட்டு வரச் சொல்லு."

அவள் அதை அப்படியே போனில் சொன்னாள். மறுபக்கம் சின்னவன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"அடுத்த ஞாயித்துக்கிழமை வர்றோம்மா."

"அவன் ஒழுங்கா நிப்பானா? உன்னை மாதிரி டேப்பைப் பார்த்ததும் ஓடிட மாட்டானே?"

"நிப்பான்மா," என்றான் சின்னவன். "இந்தத் தடவை நானும் நிக்கிறேன்."

அவள் போனை வைத்தாள். ஸ்டூலைத் துடைத்து அறையின் நடுவில் போட்டாள். அடுத்த வாரம் வரப்போகிறவர்களுக்கு இப்போதே ஸ்டூல் போடுவது கொஞ்சம் அவசரம்தான். பேத்தி அம்மாவின் இடுப்பிலிருந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி பார்க்கிற? ஏறு," என்றாள் தையல்காரம்மா.

பேத்தி இறங்கி வந்து, ஸ்டூலில் ஏறி, கையை விரித்தாள். தையல்காரம்மா ராஜாவின் கோட்டை எடுத்து அவளுக்கு மாட்டினாள். தோள் சரியாக உட்கார்ந்தது. வாயில் குண்டூசிகளைக் கடித்துக்கொண்டு, வலது கையை இன்னும் கொஞ்சம் தூக்கு என்று சைகை காட்டினாள்.