மஹதி மறுக்கவில்லை

முறைப்பாட்டுப் படிவத்தின் கடைசிக் கேள்விக்கு அந்தப் பிள்ளை எதுவும் எழுதியிருக்கவில்லை. 'இந்த முறைப்பாட்டின் மூலம் நீங்கள் எதிர்பார்ப்பது என்ன?' என்ற கேள்வி அது. சிவரூபினி தாளைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கமும் வெறுமையாக இருந்தது. தெற்கு லண்டனில் ஓர் உள்ளூராட்சிக் கவுன்சிலின் முறைப்பாட்டுப் பிரிவில் அவளுக்கு இது ஒன்பதாவது வருடம். கவுன்சிலின் பராமரிப்பில் இருக்கும் பிள்ளைகளைப் பற்றிய முறைப்பாடுகள் அவளிடம்தான் வரும். வளர்ப்புப் பெற்றோர் எழுதுவார்கள், சட்டத்தரணிகள் எழுதுவார்கள். பிள்ளையே எழுதுவது அபூர்வம். அதிலும் தமிழ்ப் பெயரோடு ஒன்று வந்தது இதுதான் முதல் தடவை.

அதை எழுதிய மஹதிக்குப் பதினைந்து வயது, தங்கை ஜெனோஜாவுக்கு எட்டு. இரண்டு வருடங்களுக்கு முன் தாய் மனநோய் மருத்துவமனையில் சேர்க்கப்பட, பிள்ளைகளைக் கவுன்சில் பொறுப்பெடுத்தது. இருவரையும் ஒன்றாக வைத்திருக்க ஒரு வீடும் கிடைக்கவில்லை. மூத்தவள் டூட்டிங்கில் ஒரு வீட்டுக்கும், சின்னவள் கென்ற் பக்கம் கடற்கரை ஊரொன்றுக்கும் போனார்கள். மாதம் ஒரு சனிக்கிழமை சந்திக்க வைப்பதாகக் கவுன்சில் எழுத்தில் கொடுத்திருந்தது. கடந்த பத்து மாதங்களில் அவர்கள் சந்தித்தது இரண்டே தடவைதான்.

கோப்பில் காரணங்கள் இருந்தன. கூட்டிப்போக ஆளில்லை, சின்னவளுக்குக் காய்ச்சல், அறை கிடைக்கவில்லை. மூன்று தேதிகளுக்கு நேரே மட்டும் ஒரே வசனம் இருந்தது: 'மஹதி போக மறுத்துவிட்டாள்.'

அந்த வாரமே சிவரூபினி டூட்டிங்குக்குப் போனாள். வளர்ப்புத் தாய் தேநீரை வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார். மஹதி பள்ளிக்கூட உடுப்போடு கதிரை நுனியில் இருந்தாள். இப்படியான அறைகளில் இப்படியான ஆட்களுக்கு முன்னால் இருந்து பழகிய பிள்ளை என்று பார்த்தவுடனேயே தெரிந்தது.

"நீங்க தமிழா அன்ரி?"

"ஓம் பிள்ளை. ஒண்டு கேக்கிறன், கோவிக்காதேங்கோ. பெப்ரவரியிலையும் மேயிலையும் ஜூனிலையும் தங்கச்சியைப் பாக்கப் போகமாட்டன் எண்டு சொன்னனீங்களோ?"

"ஆர் சொன்னது?"

"ஃபைலிலை எழுதியிருக்கு."

"நான் வெளிக்கிட்டு, சப்பாத்தும் போட்டுக்கொண்டு படியிலை இருந்தனான் அன்ரி. கார் வரேல்லை. போன் அடிச்சா ஒருத்தரும் எடுக்கேல்லை." பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "அவளுக்கும் இப்பிடித்தான் சொன்னவையோ? நான் வரமாட்டன் எண்டு?"

விசாரித்துச் சொல்கிறேன் என்பதுதான் சிவரூபினி வழக்கமாகச் சொல்லும் பதில். ஆனால் சின்னவளிடம் என்ன சொல்லப்பட்டது என்பதும் கோப்பில் இருந்தது. அவள் அதை வாசித்திருந்தாள்.

"ஓம்" என்றாள்.

மஹதி அழவில்லை. தேநீர்க் கோப்பையை எடுத்து, குடிக்காமல் திரும்ப வைத்தாள்.

அலுவலகத்துக்கு வந்து சிவரூபினி வாடகைக்கார் பதிவுகளைத் தேடி எடுத்தாள். அந்த மூன்று நாளும் எவரும் கார் பதிந்திருக்கவில்லை. பிள்ளைக்குப் பொறுப்பான அலுவலர் நீண்ட விடுப்பில் இருந்திருக்கிறார். அவருக்குப் பதிலாக வந்தவர் இரண்டு மாதத்தில் வேலையை விட்டுவிட்டார். 'மறுத்துவிட்டாள்' என்ற மூன்று குறிப்புகளும் ஒரே பின்னேரத்தில் பதியப்பட்டிருந்தன. முறைப்பாடு வந்து நாலாம் நாள்.

அவள் எழுதிய முடிவறிக்கை பிள்ளைகள் பராமரிப்புப் பிரிவின் மேலாளர் டெபோறாவிடமிருந்து திருத்தத்தோடு திரும்பி வந்தது. 'மஹதி மறுக்கவில்லை, அவளை ஏற்றிப்போக எவரும் வரவில்லை' என்ற வரி வெட்டப்பட்டு, 'பதிவுகளைப் பேணுவதில் சில குறைபாடுகள் காணப்பட்டன' என்று மாற்றப்பட்டிருந்தது. மாற்றிப் போட்ட அந்த வசனமும் சிவரூபினி முன்பு உண்டாக்கியதுதான். எத்தனை அறிக்கைகளில் எழுதினாளோ, கணக்கில்லை. டெபோறா கெட்டவள் அல்ல. அவளுடைய பிரிவில் பாதி இடங்கள் ஆளில்லாமல் கிடக்கின்றன, இருக்கிற ஒவ்வொருவர் தலையிலும் இருபத்தைந்து பிள்ளைகள். அதனால் சிவரூபினி கோபத்தோடு போகவில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டுமே. மேசைக்கு முன் நின்றபடியே, அந்த வரியை எடுப்பதானால் அறிக்கையிலிருந்து என் பெயரையும் எடுத்துவிடுங்கள் என்றாள். டெபோறா மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கண்களைக் கசக்கினாள். சரி, இருக்கட்டும் என்றாள்.

வரி அப்படியே போனது. கவுன்சில் மன்னிப்புக் கேட்டது. ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை குறிக்கப்பட்டு, காரும் பதியப்பட்டது. அதற்கு முதல்நாள் வெள்ளிக்கிழமை காலை, ஜெனோஜா வர மறுக்கிறாள் என்று செய்தி வந்தது.

சிவரூபினி நம்பவில்லை. தானே கென்றுக்குப் போன் எடுத்தாள். அங்கிருந்த வளர்ப்புத் தாய், பிள்ளையிடமே கேளுங்கள் என்று போனைக் கொடுத்தார். அக்காவைப் பார்க்கப் போக விருப்பமா என்று சிவரூபினி கேட்டாள்.

"நோ" என்றது ஒரு சின்னக் குரல். பிறகு போனும் வைக்கப்பட்டது.

மஹதியிடம் இதைச் சொல்ல வேண்டியது அவளுடைய வேலை அல்ல. ஆனாலும் மூன்றரை மணிக்கு பஸ் எடுத்துப் போனாள். மஹதி வாசலிலேயே நின்று முழுவதையும் கேட்டாள். இந்தத் தடவை உண்மைதானா என்று மட்டும் கேட்டாள். உண்மைதான் என்றாள் சிவரூபினி.

"நான் மாட்டன் எண்டு சொல்லேல்லை எண்டு அவளுக்கு ஒரு லெட்டர் எழுதலாமோ அன்ரி? நீங்க லெட்டர் எழுதிறனீங்கதானே."

இருவரும் குசினி மேசையில் இருந்தார்கள். சிவரூபினி பையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக் கொடுத்தாள். ஜெனோஜாவுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். எட்டு வயதுப் பிள்ளைக்கு விளங்கும்படி சொல்ல சிவரூபினிக்கு ஒரு வசனமும் வரவில்லை. மனதில் வந்ததெல்லாம் வருந்துகிறோம், கவனத்தில் எடுத்துள்ளோம் என்ற வகைதான்.

"கவுன்சில் பிழை விட்டிட்டுது எண்டு எழுதுங்கோ" என்றாள்.

"கவுன்சில் எண்டா அவளுக்கு என்னெண்டு தெரியாது. ஆர் அந்த ஆள் எண்டு கேப்பாள். ஒரு ஆள் இல்லாட்டி நான் பொய் சொல்லுறன் எண்டு நினைப்பாள்."

விடுப்பில் போனவர், விட்டுப் போனவர், ஆளில்லாத கதிரைகள் என்று சிவரூபினி ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். இவர்களில் யாரை ஒரு குழந்தைக்குக் காட்டுவது? வெளியே பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் சத்தமாகப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"என்ரை பேரை எழுதுங்கோ."

"நீங்க ஒண்டும் செய்யேல்லையே அன்ரி."

"நானும் அங்கைதான் வேலை செய்யிறன். கார் அனுப்பிறதை சிவரூபினி அன்ரி மறந்துபோனா எண்டு எழுதுங்கோ. கோவிக்கிறதெண்டா அவ என்னைக் கோவிக்கட்டும்."

மஹதி அவளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தாளை நேராக்கி, பெரிய உருண்டை எழுத்துக்களில் எழுதத் தொடங்கினாள். சிவரூபினி என்ற பெயர் நீளமாக இருந்தது. தாளின் ஓரம் வந்தும் முடியவில்லை. மிச்ச எழுத்துக்களை ஒன்றின் கீழ் ஒன்றாக, ஓரத்தோடு வளைத்து, கீழ்நோக்கி இறக்கிக்கொண்டு போனாள்.