ஒத்துப்போன பதில்

"என் பேரையும் போடணும், டாக்டர்."

விக்டோரியா இதைச் சொன்னதும், ஆஸ்பத்திரியில் தன் அறையில் இருந்த டாக்டர் ஜெபசீலன் காப்பி டம்ளரை மேசைமேல் வைத்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். கேட்கவே கூடாது என்று அவள் அம்மா அந்தோணியம்மாள் காலையில்கூடச் சொல்லி அனுப்பியிருந்தாள். "ஏளா, வேல குடுத்த மனுசங்கிட்ட போயி பேரு கீருன்னு நிக்காத. நாளைக்கே வராதன்னுட்டா நான் எந்தக் கடல்ல போயி முங்க?" கடற்கரைத் தெருவிலேயே முதல் பி.ஏ. விக்டோரியாதான். அந்தப் படிப்பு அவளுக்குக் கொடுத்த முதல் சொத்து, வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாமல் போனது.

மேசைமேல் டைப் அடித்த அறிக்கையின் முதல் பக்கம் கிடந்தது. அதில் இரண்டே பெயர்கள். ஒன்று டாக்டருடையது. இன்னொன்று சிவசுப்பிரமணியனுடையது. அவனும் அவளைப் போல வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்கிறவன்தான். ஆனால் அவனுக்கு ஸ்கூட்டர் உண்டு, வக்கீல் அப்பா உண்டு, இந்த அறையில் உட்கார நாற்காலியும் உண்டு. டாக்டர் அவனை "வாங்க சிவா" என்பார். அவளை "ஏம்மா" என்பார். அவள் அந்தப் பக்கத்தையே திரும்பத் திரும்பப் பார்த்தாள்.

வேலை இதுதான். மனச்சோர்வு நோயைக் கண்டுபிடிக்கப் பத்துக் கேள்விகள் அடங்கிய ஒரு தாள் தயாராகியிருந்தது. அது உபயோகப்படுமா என்று பார்க்க வேண்டும். ஒரே ஆளிடம் இரண்டு வாரம் விட்டு இரண்டு முறை கேட்பார்கள். பதில் மாறாமல் வந்தால் தாளை நம்பலாம். அப்புறம் டாக்டரே அந்த ஆட்களிடம் உட்கார்ந்து பேசி, தாள் சொன்னது நிஜந்தானா என்று பார்ப்பார். சிவசுப்பிரமணியனுக்கு ஏரல் பக்கத்து வயற்காட்டுக் கிராமங்கள். விக்டோரியாவுக்கு அவளுடைய தெருவே. அந்தத் தெருவுக்கு வந்து பேச டாக்டருக்கு இன்னும் நேரம் வாய்க்கவில்லை.

"சிவாவோட பதிலைப் பாரு. முதல் தடவையும் ரெண்டாம் தடவையும் அச்சடிச்ச மாதிரி இருக்கு. உன் தெருவுல முதல்ல உறக்கம் இல்லங்கிறாங்க, அப்புறம் நல்லா உறங்குதேங்கிறாங்க. இதை வச்சு நான் என்ன எழுத?"

"மீன்பாடு இல்லாத வாரம் ஒருத்திக்கும் உறக்கம் வராது டாக்டர். வலைமடி நிறைய மீன் வந்தா கட்டை மாதிரி உறங்குவாங்க."

"அறிக்கை போற மெட்ராஸ்ல காரணமெல்லாம் கேக்க மாட்டாங்கம்மா. பாதித் தெருவுல ரெண்டாம் தடவை கேக்க இன்னும் பாக்கி இருக்குல்ல? அது ஒத்து வரட்டும். உன் பேரைப் பத்தி யோசிக்கலாம்."

நாற்காலியில் இருந்த சிவசுப்பிரமணியன் சிரித்தான். அந்தச் சிரிப்பு அவளோடேயே தெருவரைக்கும் வந்தது.

அன்று மாலை மீதி வீடுகளுக்குப் போனாள். போன உடனேயே தெரு கூடிவிட்டது. அந்தப் பெண்களுக்கு இது ஞானோபதேசப் பரீட்சை மாதிரி. கோயிலில் சாமியார் கேள்வி கேட்பார், இவர்கள் பதில் சொல்வார்கள், தப்பாகச் சொன்னால் வெட்கம். "எதிர்காலத்தைப் பற்றி நம்பிக்கை இழந்துவிட்டீர்களா?" என்று தாளைப் பார்த்து விக்டோரியா வாசித்ததும், "இல்ல!" என்று முந்திக்கொண்டு சொன்னார்கள்.

"ஏளா, எம் பதிலு எல்லாம் சரிதான? எனக்கு எத்தன மார்க்கு?" என்றாள் அல்போன்சா. கருவாட்டுக் கூடையைச் சுமந்து சுமந்து கழுத்து புடைத்துப்போன பெண்.

"இதுல மார்க்கு கெடையாது சித்தி."

"பின்ன அடுத்த வீட்டுக்காரி தனக்குத்தான் கூடன்னு பீத்திக்கிட்டுத் திரியுதா?"

வேறொரு நாளாயிருந்தால் விக்டோரியா விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். சிரித்துவிட்டு யோசித்தும் இருப்பாள். அன்றைக்கு அவள் கண்ணுக்குள் சிவசுப்பிரமணியனின் தாள்தான் நின்றது. அதனால் ஒரு குறுக்குவழி பிடித்தாள். "போன தடவ இல்லன்னு சொன்னிய. இப்பவும் அதேதான?" என்று ஞாபகப்படுத்தினாள். எல்லோரும் தலையாட்டினார்கள். பதில்கள் அழகாக ஒத்து வந்தன.

கடைசி வீடு அமலோற்பவத்துடையது. புருஷன் ரோச், தோணியில் கொழும்புக்குப் போயிருந்தான். பிள்ளை பிறந்து இறந்ததிலிருந்து அவள் தலை வாரவில்லை. அடுப்பு பற்றவைப்பதும் அபூர்வம். "கள்ளச் சீக்கு" என்று தெரு சொன்னது. "உப்பளத்துல ஒரு நாளு விட்டா எல்லாம் சரியாப் போவும்" என்று அல்போன்சா வாசலில் நின்றே சத்தமாகச் சொல்லிவிட்டுப் போவாள்.

உள்ளே அமலோற்பவம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உப்புப் போடாத மீன் ஈ மொய்த்துக் கிடந்தது.

"மைனி, நம்பிக்கை இழந்துட்டியளான்னு ஒரு கேள்வி."

அமலோற்பவம் அவளையே பார்த்தாள். லேஞ்சித் துணியை எடுத்து முகத்தை ஒரு தடவை துடைத்துக்கொண்டாள். "விக்டோரியா... அன்னைக்கு நீ கேட்டேல்லா. அன்னைக்கு நான்..."

"அன்னைக்கு இல்லன்னிய மைனி. அப்படியே போட்டுரட்டா?"

அமலோற்பவம் லேஞ்சியை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"போட்டுக்கோ."

போட்டுக்கொண்டாள். படியிறங்கும்போதே அவள் மனசு டாக்டர் அறைக்குப் போய்விட்டிருந்தது.

டாக்டர் கணக்குப் போட்டுப் பார்த்து, முதல் தடவையாக "உக்காரும்மா" என்றார். முதல் பக்கம் மறுபடி டைப் அடிக்கப்பட்டது. மூன்றாவதாக அவள் பெயர். கடற்கரைத் தெருவில் ஒத்து வராத பாதி கணக்கில் சேரவில்லை, ஒத்து வந்த பாதி மட்டும் சேர்ந்தது. விக்டோரியா தன் பெயரைப் பார்த்ததைவிட அதிக நேரம் சிவசுப்பிரமணியன் முகத்தைத்தான் பார்த்தாள். அவன் உதட்டைக் கடித்துக்கொண்டான். வெல்லம் சாப்பிட்ட மாதிரி இருந்தது அவளுக்கு.

மறுநாள் விடிந்ததும் அமலோற்பவம் கடலில் இறங்கிவிட்டாள். நங்கூரம் போட்டிருந்த தோணிக்காரர்கள் பார்த்துக் குதித்து, முடியைப் பிடித்து இழுத்துக் கரையேற்றினார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தபோது உயிர் இருந்தது. தெரு முழுக்க வாசலில் நின்று, பேய் பிடித்தது என்றும் கொழுப்பு என்றும் ஆளுக்கொன்று சொன்னது.

விக்டோரியா கட்டிலருகே போய் நின்றாள்.

"கேளேன்," என்றாள் அமலோற்பவம். குரல் உப்புத்தண்ணி குடித்து அறுந்திருந்தது. "கேள்வி கொண்டாரலியா?"

"மைனி, ரெண்டு தடவயும் இல்லன்னுதான சொன்னிய?"

"நம்பிக்க போச்சுன்னு சொன்னா சாவான பாவம்லா, நேரா நரகந்தான். சின்னப் புள்ளயில இருந்து மனப்பாடம் பண்ணியிருக்கோம், நீயுந்தான் பண்ணியிருக்க. பாவசங்கீர்த்தனத்துல சாமிகிட்டயே சொல்ல வாய் வரல, காகிதத்தோட நிக்கவகிட்ட எப்படிச் சொல்லுவேன்? தெருவுல எவளுமே சொல்ல மாட்டா." மூச்சு வாங்கிக்கொண்டாள். "ரெண்டாந்தடவ சொல்லிரணும்னுதாம்ளா வாயத் தொறந்தேன். நீ அவசரமா இருந்த."

விக்டோரியா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அமலோற்பவத்தின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். எழுந்தபோது என்ன செய்வது என்பதில் அவளுக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

டாக்டர் அறையில் அறிக்கையை உறையில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"என் பேரை எடுத்துருங்க, டாக்டர்."

"அன்னைக்குப் போடுன்னே, இன்னைக்கு எடுங்கிற. விளையாடுறியா?"

"என் தெருப் பதிலெல்லாம் பொய். பாதி, பொம்பளைங்க ஞானோபதேசம் ஒப்பிச்சது. மீதி, போன தடவ சொன்னத நானே எடுத்துக் குடுத்து வாங்குனது. ஏன் அப்படிச் செஞ்சேன்னா, இவரு தாளப் பாத்து எனக்குப் பொறாம." சிவசுப்பிரமணியனைக் கை காட்டினாள். "பொறாமயில நான் ஒரு உசுர உத்துப் பாக்காம விட்டுட்டேன்."

சிவசுப்பிரமணியன் தலையைக் குனிந்துகொண்டே சொன்னான்: "என் தாளைப் பாத்தா பொறாமைப்பட்டீங்க? ஏரல்ல ரெண்டு தடவையும் மாமியார்கள் பக்கத்துலயே உக்காந்திருந்தாங்க. மருமகள் என்ன பதில் சொல்லுவா? நானும் எழுந்து போகச் சொல்லலை. ஒத்து வந்தாப் போதும்னு இருந்துட்டேன்."

டாக்டருக்குக் கோபம் வந்தது. "எத்தனை மாச உழைப்பு! ஒரு பொம்பளை கடல்ல விழுந்ததுக்காக..."

"ஒரே பொய் ரெண்டு தடவ வந்தா, ஒத்துப்போச்சுன்னு எழுதலாம். உண்மைன்னு எழுத முடியாது. நீங்க ஒரு நாளு எங்க தெருவுக்கு வந்து அவங்களோட உக்காந்திருந்தா இது அப்பவே தெரிஞ்சிருக்கும்." விக்டோரியாவின் குரல் உயர்ந்தது, அதை அவள் தாழ்த்தவில்லை. "மனசுக்குச் சீக்கு வாரதும் காய்ச்சல் வாரது மாதிரிதான். ஆனா காய்ச்சல்காரிய யாரும் சோம்பேறின்னு ஏச மாட்டாங்க, பாவின்னு சொல்ல மாட்டாங்க. இவள ஏசுதோம். அதனால இவ மறைக்கா. என்னைக்காவது ஒரு நாளு வாயத் தொறப்பா. அந்த நேரம் நாம நம்ம பேரு, நம்ம கணக்கு எல்லாத்தயும் தூக்கிப் போட்டுட்டு அவ சொல்லுதத கேக்கணும். கேக்காம விட்டா பெறவு கடல்தான் கேக்கும்."

உறை டாக்டர் கையிலேயே இருந்தது. ஒட்டவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.

"நான் வார்டுக்குப் போறேன். அங்கன ஒரு சீக்காளி இருக்கா. நீங்க வைத்தியர்தான? வாங்க. காகிதம் வேண்டாம்."

பதிலுக்குக் காத்திராமல் விக்டோரியா கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே நடந்தாள். பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. யார் எழுந்தார்கள் என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை.