மண்கும்பான் பட்ஜ்

சரவணைக் கிராமத்தில் தர்சினி ரீச்சரின் அலுமாரிக் கதவைத் திறந்தால் உட்பக்கத்தில் ஒரு சிவப்புத் துணி தொங்கும். பிரதேச சபைத் தேர்தல், ஆஸ்பத்திரிக்கு டொக்டர் கேட்ட போராட்டம், குடிதண்ணீர் கேட்ட ஊர்வலம் என்று தீவுப்பகுதியில் ஆட்கள் நெஞ்சில் குத்திக்கொண்டு திரிந்த பட்ஜுகள் எல்லாம் அதில் இருக்கும். அரச உத்தியோகம் என்றபடியால் அவள் ஒன்றையும் குத்துவதில்லை. கேட்டு வாங்கி, தந்தவரின் பெயரைச் சிறு துண்டில் எழுதிப் பின்னால் ஒட்டிவிடுவாள். கட்சி பார்க்கமாட்டாள்.

போன பிரதேச சபைத் தேர்தலுக்கு இரண்டு கிழமைக்கு முன் சதீசன் வந்தான். கேத்தில் சின்னத்தில் சுயேச்சையாக நின்றவன். தன் புதுப் பட்ஜை நீட்டினான். அவளும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டாள். பிறகுதான் வந்த காரியத்தைச் சொன்னான்.

"ரீச்சர், மண்கும்பானில மண் அள்ளினதை மறிச்சமெல்லே, அந்தப் பட்ஜ் உங்களிட்ட இருக்காம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குக் குத்திக்கொண்டு போகத் தாங்கோ. நானும் அதில நிண்டனான்தானே. என்ர துலைஞ்சு போச்சு."

தர்சினி அவனை நிமிர்ந்து பார்த்தாள். அன்றைக்கு மண் ஏற்றிய உழவு இயந்திரங்களில் ஒன்று அவனுடையது. ரோட்டுக்குக் குறுக்கே இருந்த பெண்களைப் பார்த்து அவன் விடாமல் ஹோர்ன் அடித்ததை அவள் பஸ்ஸுக்குள் இருந்து கண்டவள்.

"ஏலாது அண்ணை. அது ரோட்டை மறிச்சு இருந்த றோஸ் அக்கா தந்தது."

"ஒரு நாளைக்குத்தானே. ஆருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே."

சதீசன் முகம் கறுத்துப் போய்விட்டான்.

இல்லையென்று சொன்னது லேசாகத்தான் இருந்தது. ஆனால் அவன் மேடையேறிப் பொய் சொல்ல, தான் வாய் திறக்க ஏலாமல் இருப்பதை நினைக்க அவளுக்குப் பொறுக்கவில்லை. அடுத்த நாள் துணியிலிருந்து அந்தப் பட்ஜைக் கழற்றிக்கொண்டு மண்கும்பானுக்குப் போனாள். றோஸ் அக்கா வாசலில் வலை பிரித்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அவனோ? என்ர காலடி வரைக்கும் ரக்ரரைக் கொண்டந்து விட்டவனெல்லே! கொண்டா அதை."

ஞாயிற்றுக்கிழமை றோஸ் அக்கா பட்ஜைக் குத்திக்கொண்டு முன்வரிசைக் கதிரையில் போய் இருந்தாள். தர்சினி கடைசியில் நின்றாள். சதீசன் அரைமணி நேரம் வீதி விளக்குகளைப் பற்றியே பேசினான். மண் என்ற சொல்லே வரவில்லை. முடிக்கப்போகும்போது றோஸ் அக்கா எழும்பினாள்.

"தம்பி, மண்ணைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லையே?"

சனம் சிரித்தது. அவன் ஒலிவாங்கியை வாய்க்குக் கிட்டக் கொண்டுவந்தான்.

"அண்டைக்கு மண் ஏத்தின ஆக்களில நானும் ஒருத்தன் அக்கா. பிழைதான். இனி ஏத்த விடமாட்டன்."

ஒருவரும் கைதட்டவில்லை. தர்சினிக்கு அவன்மேல் இருந்த கோபம் பாதி இறங்கிப்போனது.

பதினொரு வாக்கில் சதீசன் வென்றான். உண்மையைச் சொன்னதால் என்று சிலர் சொன்னார்கள்; அவனுக்குச் சொந்தக்காரர் நிறைய என்று சிலர். தர்சினி பட்ஜைத் திருப்பிக் கேட்கப் போனாள்.

"கொஞ்ச நாள் என்னட்டக் கிடக்கட்டும்," என்றாள் றோஸ் அக்கா. "சபையின்ர முதல் கூட்டம் பார்க்கப் போறன்."