நான் புரட்டாத அடுத்த இதழ்

எங்கள் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி ஆண்டுக்கு இரண்டு முறை ஒரு கற்பித்தல் இதழ் கொண்டுவருகிறது. அதற்கு ஐம்பது வயதானபோது, வரலாறு எழுதும் வேலையை முதல்வர் என்னிடம் கொடுத்தார். ஆளறிந்து கொடுத்தார் என்று வீட்டில் நெஞ்சை நிமிர்த்தினேன். வேறு யாரும் தலையைக் கொடுக்கவில்லையா என்று மனைவி கேட்டாள். விசாரித்தால், உண்மை அதுதான்.

வரலாற்றை முதல் இதழிலிருந்து தொடங்குவது முறை. நான் அறுபத்திரண்டாம் இதழில் தொடங்கினேன். என் ஒரே கட்டுரை அதில்தான் வந்தது. 'வகுப்பில் அமைதி: ஐந்து வழிகள்'. பதவி உயர்வு என்றால் அதைத்தான் நீட்டுவேன். என் வகுப்பு சந்தைக்கடையாக இருந்தது வேறு விஷயம்.

அடுத்த இதழை அன்றுவரை நான் புரட்டியதே இல்லை. என் பெயர் இல்லாத இதழில் எனக்கென்ன வேலை? அதில் ஆறாம் வகுப்பு ஆசிரியை ஒருவரின் கடிதம் இருந்தது. ஐந்து வழிகளையும் வாரத்துக்கு ஒன்றாகச் செய்து பார்த்தாராம். நான்காவது வாரம் அமைதி வந்ததாம். பாதி வகுப்பு தூங்கிவிட்டதாம். பிழை தன்னுடையதா என்று பணிவாகக் கேட்டிருந்தார். இருபது வருடம் கழித்து எனக்கு முகம் சுட்டது.

கடிதத்தில் இருந்த பள்ளி முகவரிக்கு பஸ் ஏறினேன். அவர் இப்போது அங்கே தலைமையாசிரியை. நான் யாரென்று சொன்னதும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"கோவமெல்லாம் இல்ல சார். பதில் வரும்னு ரெண்டு வருஷம் பாத்தேன்."

"கடிதத்தையே நான் படிக்கலைங்க. நான் எழுதுனதைத் திரும்பத் திரும்பப் படிக்கவே நேரம் சரியா இருந்துச்சு."

அவர் சிரித்தார். பிறகு என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

"அமைதியே வேண்டாம்னு விட்டுட்டேன். பேசினாத்தான் முடியும்ங்கற மாதிரி வேலை குடுத்தேன்."

அவருடைய வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். நான்கு நான்கு பேராகப் பின்னக் கணக்குக்கு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். மின்விசிறி பழுதுபார்க்க வந்தவரா என்று ஒரு சிறுமி என்னைக் கேட்டாள்.

திரும்பி வந்து நூறு இதழ்களிலும் கடிதங்களை மட்டும் படித்தேன். கட்டுரைகள் எல்லாம் எங்களைப் போன்ற கல்லூரி விரிவுரையாளர்களுடையவை. வகுப்பறையிலிருந்து வந்தவை கடிதங்கள்தான். ஒன்றுக்கும் பதில் இல்லை. அதையே வரலாறாக எழுதினேன், என் பங்கையும் மறைக்காமல்.

"வரலாறு கேட்டா வாக்குமூலம் குடுத்திருக்கீங்களே" என்றார் முதல்வர். ஆனாலும் அச்சுக்கு அனுப்பினார். இனி வரும் கடிதங்களுக்கு நானே பதில் எழுத வேண்டும் என்றும் சொல்லிவிட்டார்.

இதுவரை பதினொன்று வந்திருக்கின்றன. அவற்றில் எட்டு, என் வரலாற்றில் உள்ள பிழைகளைப் பற்றியவை.