முதல் கிளாஸ்

மரச்சுத்தியலை ஓங்கி ஒரே அடி. குழாய் பீப்பாயின் வாய்க்குள் இறங்குவதற்குள் பீர் பீய்ச்சியடித்துத் தெல்மாவின் முகத்தையும் சட்டையையும் நனைத்துவிட்டது. தோள்பட்டை விண்ணென்று தெறித்தது. அறுபத்தொரு வயதில் இரண்டாவது அடிக்குத் தெம்பு கிடையாது.

மணி பதினொன்று நாற்பது. பன்னிரண்டுக்கு, பீர் அனுப்பும் ஆலையிலிருந்து ஆய்வாளர் ஹோல்ராய்ட் வருகிறார். இந்த மாதம் இரண்டு நாள் பீர் புளித்திருந்ததாகப் புகார். இன்றும் புளித்திருந்தால் மரப்பீப்பாய்களுக்கு முழுக்கு. காற்றடைத்த எஃகு டிரம்கள் வந்து இறங்கும். அவற்றைப் பார்த்துக்கொள்ள பப்பின் நிலவறையில் ஆள் வேண்டாம். இருபத்தாறு வருடமாக இங்கே கிடக்கும் தெல்மாவும் வேண்டாம்.

"நோரிஸ் வந்தாச்சா?" மேலே பார்த்துக் கத்தினாள்.

தரைக்கதவு வழியாக பப் முதலாளி டெஸ்மண்டின் தலை கேலிச் சிரிப்போடு எட்டிப் பார்த்தது. "உன் மாப்பிள்ளை இன்னும் வரல கண்ணு. மோதிரம் வாங்கப் போயிருப்பாரு."

"வந்தா கீழ அனுப்பு."

"ரெண்டு வருஷமா அந்தாளுக்கு மட்டும் தினமும் முதல் கிளாஸ் ஓசி. எனக்கு ஒரு நாள் குடுத்திருக்கியா நீ?"

திங்களன்று திறந்த பீப்பாயிலிருந்து ஒரு கிளாஸ், இப்போது திறந்ததிலிருந்து ஒரு கிளாஸ் பிடித்தாள். விளக்கில் காட்டினாள். இரண்டும் பளிங்கு போலத் தெளிவு. அதை நம்பி என்ன செய்ய? புகார் வந்த இரண்டு நாளும் இதே பளிங்குதான். அந்த இரண்டு நாளும் நோரிஸ் லீட்ஸ் ஊரில் தன் மகள் வீட்டில் இருந்தார்.

படியில் காலடி. புது டையும் சிவந்த மூக்குமாக நோரிஸ் இறங்கி வந்தார்.

"சீக்கிரம். இதைக் குடிங்க. அப்புறம் இது."

இரண்டையும் குடித்தார். அவள் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை.

"எப்படி இருக்கு?"

"நீ குடுத்தா எல்லாமே தேன்தான்." தும்மினார். "நேத்துலேருந்து சளி. வெந்நீரா பீரான்னே தெரியல போ."

தெல்மா காலிப் பீப்பாய் ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டாள். மறுபடி படியில் காலடி. இம்முறை பளபளக்கும் பூட்ஸ்.

"வணக்கம் தெல்மா," என்றார் ஹோல்ராய்ட். "எந்தப் பீப்பாய் எனக்கு?"

ஏதாவது ஒன்றைக் காட்டலாம். பிழைத்துக்கொள்ளப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. அப்புறம் நாளை? சுத்தியலைத் தரையில் வைத்தாள்.

"நீங்களே ரெண்டையும் குடிச்சுப் பாருங்க சார். ரெண்டு வருஷத்துக்கு முன்னால வந்த காய்ச்சல்ல எனக்கு மூக்கும் நாக்கும் செத்துப்போச்சு. அன்னையிலேருந்து இந்த பப்புக்கு ருசி பார்க்கிறது இவருதான்."

நோரிஸைப் பார்க்காமல் சொன்னாள்.

"அது இவருக்கே தெரியாது."