தட்டம் ஏந்திய பிள்ளை

ஹெட்விக் மெர்ட்டனைப் பரிசளிப்பு விழாவுக்குப் பிரதம விருந்தினராக அழைத்தது என் யோசனைதான். அதிலிருந்த கோமாளித்தனம் அழைப்பிதழ் அடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. பிள்ளைகளைத் தரம் பிரிப்பதை எதிர்த்தே ஆயுளைக் கழித்தவரைக் கூப்பிட்டு, முதலாம் இடம், இரண்டாம் இடம் என்று கிண்ணம் கொடுக்கச் சொல்கிறோம்!

நான் வேலை செய்யும் கார்டெரிக்கு, அதாவது குழந்தைகள் காப்பகத்துக்கு, ஆலோசனை சொல்ல வருகிறவர் ஹெட்விக். எண்பது வயதில், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ என்ற ஊரில் மகளோடு இருக்கிறார். பிரெஞ்சில்தான் எங்கள் பேச்சு. அவர் பிறந்த ஜெர்மனியில் பத்து வயதிலேயே பிள்ளைகளை மூன்று விதப் பள்ளிக்கூடங்களுக்குப் பிரித்து அனுப்புவார்களாம். இவரோ எல்லாரையும் ஒரே வகுப்பில் வைத்துப் படிப்பித்தார். ஒரு பிள்ளையிடம் கேள்வி கேட்டதும் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிடுவார். அது பதில் சொல்லும்வரை எழும்ப மாட்டார். வேறு யாரும் வாய் திறக்கவும் கூடாது. வேலை செய்யாமல் குந்தியிருக்கிறார் என்று அதிகாரிகள் குறை எழுதினார்கள். பெற்றோர் மனுக் கொடுத்தார்கள். ஊர் ஊராக மாற்றினார்கள். போன இடமெல்லாம் இவர் முதலில் தேடியது கதிரையைத்தான். கடைசியில் சுற்றுவட்டாரப் பள்ளிகள் பலவும் இவர் வழிக்கு வந்தன. அந்தப் பிடிவாதத்தை நான் மனதாரக் கும்பிடுகிறேன்.

எனக்கு அவர் தேவைப்பட்டது என் மகள் ஷெரோனுக்காக. பிரெஞ்சு மளமளவென்று வரும். தமிழ் வாசிக்கச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். செயின்ட்-மிஷேலில் தேவாலயத்தின் கீழ்மண்டபத்தில் நடக்கும் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில், அவளை ‘மெதுவான பிள்ளைகள்’ வகுப்புக்கு மாற்றப்போவதாக அதிபர் அருமைநாதன் மாஸ்டர் சொல்லிவிட்டார். சமையல் நடக்கும் குசினிக்குப் பக்கத்து அறை. அங்கே போட்டால் இனி வரவே மாட்டேன் என்றாள் ஷெரோன். சொன்னதைச் செய்கிற பிள்ளை. தமிழ் என்னோடு முடிந்துவிடும் என்று பயந்தேன். பெரிய ஆள் ஒருவர் எடுத்துச் சொன்னால் மாஸ்டர் கேட்பார் என்று கணக்குப் போட்டேன்.

எங்கள் விழாக்களில் பரிசு கிடைக்காத பிள்ளைகளுக்குத்தான் தட்டம் ஏந்தும் வேலை. அன்று பட்டுப்பாவாடையோடு கிண்ணத் தட்டத்தை ஏந்தி நின்றது ஷெரோன். ஹெட்விக் தட்டத்தைப் பார்த்தார்.

“இதில் இந்தப் பிள்ளைக்கு எது?” என்று என்னிடம் பிரெஞ்சில் கேட்டார்.

“ஒன்றுமில்லை.”

அவர் ஷெரோன் பக்கம் திரும்பினார். “கிண்ணத்தில் ஒட்டியிருக்கும் பெயர்களை எனக்கு வாசிக்கத் தெரியாது. நீ கூப்பிடு, நான் கொடுக்கிறேன்.”

ஷெரோன் மைக்கின் முன்னால் போய், “அந்... அந்தோ...” என்று தொடங்கி நின்றுவிட்டாள். மண்டபம் முணுமுணுத்தது. மாஸ்டர் எழுந்து வந்தார்.

“நீ விடு பிள்ளை, நான் வாசிக்கிறன்.”

ஹெட்விக் தன் கதிரையை மேடை நடுவுக்கு இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். மாஸ்டருக்கும் பக்கத்துக் கதிரையைக் காட்டினார்.

“என்னவாம் அக்னெஸ்?” என்று மாஸ்டர் என்னைக் கேட்டார்.

“உங்களை இருக்கட்டாம், மாஸ்டர்.”

“எவ்வளவு நேரத்துக்கு?”

“பிள்ளை வாசிச்சு முடிக்குமட்டும்.”

விளக்கெண்ணெய் குடித்த முகத்தோடு மாஸ்டர் உட்கார்ந்தார். முன்வரிசையில் யாரோ பெயரை எடுத்துக் கொடுக்கப் பார்க்க, ஹெட்விக் விரலை உயர்த்தினார். இந்தக் கிழவியை ஏன் கூட்டிவந்தேன் என்று எனக்கு ஆத்திரம்கூட வந்தது. பிள்ளை தட்டத்தை முகத்தருகே உயர்த்தி, பெயரை எழுத்தெழுத்தாகப் பார்த்தது.

“அந்தோனிப்பிள்ளை றொக்சன்” என்றாள் ஷெரோன்.

ஹெட்விக் எழுந்து கிண்ணத்தைக் கொடுத்தார். மறுபடி உட்கார்ந்தார். இப்படியே ஒவ்வொரு பெயருக்கும். கடைசிக் கிண்ணத்துக்கு வந்தபோது ஷெரோன் மைக்கைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள்.

பிறகு பேசச் சொன்னார்கள். ஹெட்விக் “மெர்சி” என்று நன்றி மட்டும் சொல்லிவிட்டு ரோல்ஸ் சாப்பிடப் போய்விட்டார். ஷெரோனின் வகுப்பு மாற்றத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்குச் சப்பென்று போய்விட்டது.

அடுத்த சனிக்கிழமை ஷெரோன் கோட்டைக் கழற்றாமலே குசினிப் பக்கம் நடந்தாள். திரும்பி ஓடத் தயாராக இருக்கிறாள் என்று தெரிந்தது.

“எங்கை போறாய்? இங்கை வா” என்று மாஸ்டர் அவளைப் பழைய வகுப்புக்கே கூப்பிட்டார். பலகையில் ஒரு வரி எழுதி, வாசிக்கச் சொன்னார். அவள் கதவுப் பக்கம் பார்த்தாள். பின்னால் கைகள் உயர்ந்தன.

“எல்லாரும் கையைக் கீழை விடுங்கோ” என்றார் மாஸ்டர். சுவரோரம் கிடந்த கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

ஷெரோன் அவரையே பார்த்தாள். பிறகு கோட்டைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, வாசிக்கத் தொடங்கினாள்.